சின்னவர் வீட்டு அலாரம்

“அந்தச் சனியனை இடம் மாத்தாம நீங்க ஏணியை விட்டு இறங்கக் கூடாது, தம்பி.”

பெரியவர் இதைச் சொன்னது எலெக்ட்ரீஷியனிடம். முன்பின் தெரியாத எலெக்ட்ரீஷியன் அவருக்குத் ‘தம்பி’. கூடப்பிறந்த தம்பி ‘அந்த ஆளு’.

அந்த ஆள், அதாவது சின்னவர், தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் வாசல்படிக்கு வெளியே நின்றார். அந்தப் படியைத் தாண்டுவதில்லை என்று சபதம். எதற்காகச் சபதம் என்று திடீரென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் யாரையும் கேட்க விடுவதில்லை.

முன்னே ஒரே வீடாக இருந்ததுதான். நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது, கடைசி நாலு வரிசைச் செங்கல்லை யார் வைப்பது என்று தகராறு. சுவர் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. அண்ணன் தம்பி பேச்சும் அதோடு நின்றது.

அந்த ஒரு முழ இடைவெளியை ஒட்டி, சின்னவர் வீட்டுக் கூரையில், வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு புகை அலாரம்.

“நான் ஒரு சுருட்டுப் பத்த வெச்சா கத்துது. ரெண்டு ரொட்டி சுட்டா கத்துது. தெருவே எட்டிப் பாக்குது. வேணும்னே என் பக்கமா மாட்டியிருக்கு அந்த ஆளு. என்னை மோப்பம் பிடிக்க ஒரு மிஷின்!”

எலெக்ட்ரீஷியன் சின்னவரைப் பார்த்தார். “நீங்க என்ன சார் சொல்றீங்க?”

“என் கூரை, என் அலாரம்னு சொல்லுங்க.”

“அவர் இங்கதானே சார் நிக்கிறாரு?”

“நின்னா? நீங்க சொல்லுங்க.”

எலெக்ட்ரீஷியன் வாசல் பக்கம் திரும்பினார். “அவர் கூரை, அவர் அலாரமாம்.”

“கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க.”

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியே எட்டிப் பார்த்தார். “பெரியவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார். அடுப்புக்குக் கிட்ட மாட்டினா சும்மா சும்மா கத்தத்தான் செய்யும். அவரோட அடுப்பு சுவரை ஒட்டியே இருக்கு. உங்க அடுப்படி பின்னால அந்தக் கோடியில. இதைக் கழட்டி உங்க பிள்ளைங்க படுக்கிற ரூம் வாசல்ல மாட்டிடலாமே?”

பெரியவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நியாயம் தன் பக்கம் இருந்து அவருக்கு அதிகம் பழக்கமில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

சின்னவர் பேப்பரை அடுத்த பக்கம் புரட்டினார். எலெக்ட்ரீஷியன் அலாரத்தைத் திருகிக் கையில் எடுத்தார்.

கையில் எடுத்ததுதான் தாமதம், அது வீல் வீலென்று அலறியது. மனுஷன் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

“பாருங்க! நல்லாப் பாருங்க!” பெரியவர் வாசலில் குதித்தார். “இங்க எவன் சுருட்டுப் பிடிக்கிறான்? எவன் ரொட்டி சுடறான்? கண்ணு முன்னாடியே பொய் சொல்லுது! வெச்ச ஆளு மாதிரியே இருக்கு!”

சின்னவர் பேப்பரை வீசினார். பெரியவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஓடியது நேரே பெரியவர் வீட்டுக்குள்.

“ஏய்! யாரைக் கேட்டு என் வீட்டுக்குள்ள…”

பாதியிலேயே பெரியவரின் வாய் நின்றது. சுவர்ச் சந்து வழியாகக் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

பால்! எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ கொடுத்துத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பில் வைத்த பால்.

சின்னவர் இருமிக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு கையில் கரியாகிப்போன பாத்திரம். இன்னொரு கையில் பாதி எரிந்த துண்டு.

“அடுப்பை அணைச்சாச்சு,” என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னார். “துண்டு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அடுத்தது ஜன்னல் துணிதான். மிதிச்சு அணைச்சேன்.”

எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். “பெரியவரே, தீயணைப்பு நிலையத்துல வீட்டுக்கு ஒண்ணு சும்மா கொடுத்தாங்களே. உங்களுது ஏன் அடிக்கல?”

பெரியவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். “மாட்டித்தான் இருக்கு. உள்ள பேட்டரிதான் இல்ல. ரேடியோவுக்குப் போட்டுட்டேன்.”

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இடம் மாத்தணும்னு சொன்னேன்ல தம்பி? என் மண்டைக்குள்ள மாட்ட முடியுமா பாருங்க. உள்ள எடம் நிறையக் காலியாத்தான் கிடக்கு.”

எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். பிறகு கையிலிருந்த அலாரத்தைப் பார்த்தார்; சின்னவரைப் பார்த்தார்.

“ஒண்ணுதான் சார் புரியல. உங்களுக்குக் கொடுத்ததும் இந்த ஒண்ணுதான். அதைக் கொண்டாந்து இந்த மூலையில மாட்டிட்டீங்க. உங்க வீட்டுக்கு எது?”

சின்னவர் கரிப் பாத்திரத்தை வாசல்படியில் வைத்தார்.

“எங்க வீட்டுல அஞ்சு மூக்கு இருக்கு. எது கருகினாலும் யாராவது ஒருத்தர் கத்துவோம். அண்ணி போனதுக்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது ஒரே மூக்கு. அதுக்கு மேலயும் எந்நேரமும் கோபம் ஏறி உட்கார்ந்திருக்கு. அதான் இங்க மாட்டினேன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க.”