உள்ளே ஆள் இருக்கு

கண்டிக் கார்மெண்ட் ஆலையில் லோஜினி ஒரு வருஷம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய ஓய்வறை அது. மனசு தாங்காதவர்கள் உள்ளே போய்ச் சற்று உட்காரலாம். வாசலில் செருப்புக் கிடந்தால் யாரும் திறக்கக் கூடாது. அழுதபடியே தைத்து, மெஷின்மேல் சாய்ந்து செத்துப்போன செல்லக்கண்ணு அக்காவுக்காகத்தான் அவள் கேட்டாள்.

திறப்பு நாளன்று மேனேஜர் சாவியோடு வந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால், வாரில் சிவப்பு நூல் போட்டுத் தைத்த நீலச் செருப்புகள் கிடந்தன. அக்காவின் சவப்பெட்டிக்குள் லோஜினியே வைத்தவை.

“தொறக்காதீங்க சார். உள்ள ஆள் இருக்கு” என்றாள் லோஜினி.

உள்ளே யாரோ உட்காரக் கதிரையை இழுக்கும் சத்தம். மேனேஜர் சாவியை அவளிடம் நீட்டினார். சுற்றி நின்ற தையல் பெண்களில் ஒருத்தியும் அலறவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவுக்குப் பின்னால், உயிரோடிருந்தவரை யாருமே கேட்டிராதபடி, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.