மேஜைக்கு அடியில்

போலந்துக்காரப் பெண் ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு, "டிரா?" என்று மெல்லக் கேட்டாள்.

எலிசோவுக்குச் சிரிப்பு வந்தது. யானையைக் கொடுத்தால் மூன்றே நகர்த்தலில் அந்தப் பெண்ணின் ராஜா காலி. வருடக்கணக்காகப் போக்குக் காட்டிய கிராண்ட்மாஸ்டர் பட்டம் கைக்கு வந்துவிடும். அதுவும் சொந்த நாடான ஜார்ஜியாவில், சொந்த ஊர் பத்தூமியில்.

மற்ற மூன்று பலகைகளிலும் ஆட்டம் முடிந்து அணிகள் சமமாக இருந்தன. புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்ததால், இது டிரா ஆனாலே தங்கம் ஜார்ஜியாவுக்கு. தோற்றால் போலந்துக்கு.

அணித்தலைவி லாமாரா பின்னால் வந்து நின்றாள். ஆட்டத்தைப் பற்றி அவள் மூச்சு விடக் கூடாது. டிராவுக்கு ஒத்துக்கொள், ஒத்துக்கொள்ளாதே. சட்டம் அவளுக்கு விட்டுவைத்த பேச்சு அவ்வளவுதான்.

"ஒத்துக்கோடி."

பலகையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

எலிசோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சிறுவயதிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள். பட்டம் கிடைக்காமலே ஆட்டத்தை விட்டவள் லாமாரா. தனக்கு வாய்க்காதது இவளுக்கும் வாய்க்கக் கூடாது, வேறென்ன?

ஆனாலும் நாட்டுக்கு ஆடும்போது தலைவி பேச்சை மீறுவதற்கில்லை. கையை நீட்டினாள்.

டிராவுக்கு அடையாளமாக இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் அருகருகே நிறுத்தினார்கள். சண்டையே போடாதவர்கள் மாதிரி நின்றன இரண்டும். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

எலிசோவுக்கு மனசு ஆறவில்லை. காய்களைப் பழையபடி வைத்து, யானையை நகர்த்தி, "இப்படி ஆடியிருந்தால்?" என்பதுபோல் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

அந்தப் பெண் பலகையின் கோடியில் ஒதுங்கிக் கிடந்த மந்திரியைச் சாய்வாக இழுத்து வந்து யானையை வெட்டினாள்.

எலிசோ ஒருமுறை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இனி தப்ப வழியில்லாதது எலிசோவின் ராஜாவுக்குத்தான். தங்கமும் போயிருக்கும்.

வராந்தாவில் லாமாராவைப் பிடித்தாள். "அந்த மந்திரியை நீ பாத்துட்டியா?"

"எந்த மந்திரி? நான் எங்கடி பலகையைப் பாத்தேன்?" லாமாரா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தாள். எலிசோவின் ஷூக்கள் இரண்டும் அதில் தொங்கின. "ஜெயிச்சாச்சுன்னு தோணினா மேஜைக்கு அடியில இதைக் கழட்டிப் போட்டுடுவ. கழட்டின அன்னிக்கெல்லாம் எதையாவது கோட்டை விட்டிருக்க."

அப்போதுதான் எலிசோவின் பாதங்களில் தரையின் குளிர் ஏறியது.