பூனை வந்த நாள்

“இந்தக் காலோட உன்னை இறக்க முடியாது” என்று பயிற்சியாளர் கால்பந்து இறுதி ஆட்டப் பட்டியலிலிருந்து முன்கள வீரனின் பெயரை அடித்தார். நான்கு வருடமாக வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன் அவன் இடத்தில் இறங்கினான்.

தன் முழங்கால் வலியை அவன் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தான். ஒருவர், அணியின் காயங்களைக் கவனிக்கும் பிசியோ. இன்னொருவன், கணினிக் கால்பந்துப் போட்டிகளில் அவனோடு ஜோடி சேர்ந்து ஆடும் ‘பூனை’. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. இரண்டு வருடமாக எழுத்தில் பேசியே உயிர் நண்பனாகிவிட்டவன்.

உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் வீரன் பிசியோவின் சட்டையைப் பிடித்தான்.

“கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே!”

“சத்தியமா நான் வாயே திறக்கலப்பா.”

அன்றே அவர் வேலையை விட்டுப் போனார்.

‘அந்த ஆளை நம்பினதுதான் தப்பு. மனசை விட்டுடாதே’ என்று எழுதினான் பூனை. வீரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் கணினிக் கால்பந்தின் இறுதிச் சுற்று. முதல்முறையாக ஜோடிகள் ஒரே மேடையில் உட்கார்ந்து ஆட வேண்டும். பூனையைக் கட்டிப்பிடிக்கும் ஆசையோடு ஓடினான்.

பூனையின் நாற்காலியில் மாற்று ஆட்டக்காரன் உட்கார்ந்திருந்தான்.

“நீ யாருன்னு தெரிஞ்சுதான் உன்கூட ஜோடி சேர்ந்தேன்” என்றான். “நாலு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சிருக்கேன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?”

வீரன் வெளியே வந்து, பிசியோவை போனில் அழைத்தான்.

“யார் பேசறது?” என்றார் அவர். அவனுடைய எண்ணை அவர் எப்போதோ அழித்துவிட்டிருந்தார்.