ஒரு கை தூரம்

எங்கள் கிடங்கின் நடைவழியில், தரைக்கு அடியில் இரண்டு சென்சார்கள் பதித்திருக்கிறோம். மேலே போகும் தள்ளுவண்டியின் வேகத்தையும் நீளத்தையும் அவை கணித்துச் சொல்லும். ஆள் நடந்தாலும் சொல்லும். அவற்றைச் சரிபார்க்க நான் தினமும் தனியாக நடந்து பார்ப்பேன். வேகம் சரியாக வந்தது. நீளம் மட்டும் இரண்டு ஆள் அளவுக்கு வந்தது.

"பின்னாடி எதையாவது இழுத்துக்கிட்டு நடக்கறியாம்மா?" என்றார் சென்சார் பொருத்தும் அண்ணன். அவர் நடந்தபோது ஒரு ஆள் அளவுதான் காட்டியது.

"என் ராசி அப்படி" என்றேன். அன்று நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான். வாடகை அறையில் பேச ஆள் இல்லை. அக்கா ஃபோனில் "சாப்பிட்டியாடி?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள்.

மறுநாள் அண்ணன் சென்சார்களை மாற்றினார். புதியவை இன்னும் துல்லியமானவை. நான் மறுபடி நடந்தேன். திரையில் இரண்டு பதிவுகள் வந்தன. முதலாவது நான். இரண்டாவது என்னைவிடச் சற்றுச் சிறியது. அதே வேகம், ஒரு கை தூரம் பின்னால்.

"புதுசும் போச்சு. நாளைக்குக் கழட்டிடறேன்."

"இருக்கட்டுமே அண்ணா."

"பொய் சொல்ற மெஷினை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?"

மாலையில் அந்த நடைவழியிலேயே மெதுவாக நடந்து வெளியே வந்தேன். அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தவில்லை. இன்னொருவர் உள்ளே வர எடுக்கும் நேரம்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.