நேரில் கண்ட சம்பவம்

ஆறுச்சாமி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மகள் வேணி மூன்று நோட்டுகளோடு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தபாலில் எம்.ஏ. தமிழ் படித்தவர். எஸ்டேட்டில் அவருக்குப் பெயரே புலவர்தான். பாதிப் பேர் மரியாதையாகச் சொன்னார்கள். மீதிப் பேரைப் பற்றி அவர் விசாரித்ததில்லை.

முதல் நோட்டு இலக்கணம். விட்டுப்போன ஒற்றுகளைக் கொட்டாவிக்கு நடுவே போட்டுக் கொடுத்தார்.

அடுத்தது இலக்கியம். அரசவையில் புலவர்கள் எப்படிப் பேசினார்கள்?

களைப்பை மீறி முதுகு நிமிர்ந்தது. "எழுதிக்கோ. மன்னா, நீ செய்வது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னான் புலவன். மன்னன் கோபிக்கவில்லை. கேட்டுக்கொண்டான். அதுதான் தமிழ் மரபு."

அடுப்படியில் மனைவி அருக்காணி வட்டலைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அவர் வீடு திரும்பியதிலிருந்து அவள் பேசவில்லை. குளிர் அப்படி என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது, பேச்சுரிமை. சட்டத்தில் உள்ளதை வேணியே எழுதிவிட்டாள். நேரில் கண்ட சம்பவம் ஒன்றுதான் பாக்கி. நாளை வகுப்பில் எழுந்து நின்று படிக்க வேண்டும். வகுப்பில் பாதி எஸ்டேட் பிள்ளைகள்.

"காலைல பஸ்ஸுக்கு நிக்கறப்போ வேலைக்குப் பேர் போடற எடத்துல பார்த்தனுங்கப்பா. நான் சொல்றேன், நீங்க நல்ல தமிழ்ல ஆக்கிக் குடுங்க."

சொன்னாள்.

பதின்மூன்றாம் நம்பர் தேயிலைக் காட்டில் கரடி குட்டியோடு திரிகிறது. வெடி போட்டு விரட்டிய பிறகுதான் கொழுந்து பறிக்க ஆளை இறக்குவார்கள். வெடி தீர்ந்துபோய்விட்டது, ஆபீஸ் இன்னும் வாங்கித் தரவில்லை. வெடி போடாமல் எப்படி இறங்குவது என்று ஒரே ஒரு பெண் கேட்டாள். வாய் பேசுகிறவளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் அவள் பேரை அடித்தார். மற்றவர்கள் குனிந்த தலையோடு காட்டுக்குள் இறங்கினார்கள். நாளைக்கும் அதே காடுதான்.

ஆறுச்சாமி பேனாவை மூடினார்.

"சூப்பர்வைசர்னு மட்டும் போட்டாப் போதுங்களா, இல்ல எங்கப்பான்னு போடோணுங்களா?"

"வேற ஏதாச்சும் கற்பனையா எழுது கண்ணு."

"நேர்ல கண்டதுன்னு இருக்குதுங்கப்பா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சபையில் பேசுகிற குரல் வந்தது.

"அப்படின்னா யார் பேரும் வேண்டாம். நமக்கென்ன, நாளைக்கு அந்தப் பொம்பளைக்குத்தான் சங்கடம். அவளையும் நாம நெனச்சுப் பார்க்கோணுமில்ல."

அருக்காணி டீயைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, எம்பேரையே போடச் சொல்லுங்க. ஒரு வாரம் ஊட்லதான இருக்கப் போறேன். யாரு வந்து கேட்டாலும் நானே சொல்லிக்கறேன்."