வடக்குப் பக்க ஜன்னல்

"பெரிய ஜன்னலை எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?"

கொத்தனார் குவாராய் குல்லாயைக் கழற்றினார். "வடக்குப் பக்கம்யா."

"என் வரைபடத்துல எங்கே இருக்கு?"

"தெற்குல."

மொகோட்லோங் மலைமேல், பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் பெண்களுக்காகக் கட்டிய அறை அது. முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அடுப்பு மூட்டாமல், ஜன்னல் வெயிலிலேயே அறை கதகதப்பாக இருக்க வேண்டும். எவ்வளவு வெயிலுக்கு எவ்வளவு கண்ணாடி என்று இரண்டு மாதம் கணக்குப் போட்டவன் நான்.

"தாளைத் தலைகீழாப் பிடிச்சுட்டேன்யா."

"முப்பது வருஷமாக் கொத்தனார், மேலு கீழு தெரியல. அடுத்த தடவை கதவைக் கூரையில வெப்பியா?"

வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைவிட மூத்தவரை 'நீ' என்று சொல்லிவிட்டது எனக்கே உறைக்கவில்லை.

"மிச்சம் அஞ்சு கட்டடத்துக்கும் நீ வேண்டாம். கிளம்பு."

அவர் குல்லாயைத் திரும்ப மாட்டிக்கொண்டார். போர்வையைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு, கரணையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காலையிலிருந்து மூடிக்கிடந்த மேகம் அப்போதுதான் விலகியது. வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக விழுந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி கட்டிலில் இருந்தபடியே கால்களை அதில் நீட்டினாள். தெற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.

கணினியைத் திறந்தேன். முதல் வரி, ஊரின் அட்சரேகை: இருபத்தொன்பது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர் என்றால் முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். போடவில்லை. கணினி எங்கள் சூரியனைத் தெற்கே அனுப்பிவிட்டது. நான் நம்பிவிட்டேன். இந்த லெசோத்தோவிலேயே பிறந்து, ஐம்பத்து மூன்று குளிர்காலம் சூரியனை வடக்கே பார்த்தவன்.

நர்ஸ் மாபலேசா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வரைபடம் தப்புன்னு அஸ்திவாரம் போடும்போதே அவருக்குத் தெரியும்யா. போன் பண்ணிச் சொல்லுங்கன்னேன். 'ஆபீஸ்ல நாலு பேர் காதுல விழுந்தா ஐயா பேரு கெட்டுரும். நான் தப்பாக் கட்டினதாவே இருக்கட்டும்'னாரு."

வெளியே ஓடிவந்தேன். குவாராய் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

சிரித்தவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

அவர்கள் கலையட்டும் என்று காத்திருந்தேன்.