சரியான ஸ்பானர்

"என்னடி இது நகம்? கரி அப்பிக்கிட்டு!"

டீ டம்ளரை வாங்கும்போதே அவர் கண்ணில் பட்டுவிட்டது. மனைவியின் பத்து நகத்துக்குள்ளும் கறுப்பு.

"ஒரு வாணலியைத் தேய்க்கத் துப்பில்ல. இவ நாளையிலேருந்து ஆபீஸுக்குப் போய் வேலை பாக்கப் போறாளாம். அங்கயாவது கையைக் கழுவிட்டுப் போ, சிரிக்கப் போறாங்க."

"எவ்வளவு சோப்பு போட்டும் போக மாட்டேங்குது" என்று அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

புது வேலை பக்கத்து ஊரில். விடியற்காலையிலேயே காரில் கிளம்பியாக வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. காரோ எஞ்சின் ஆயில் மாற்றாமல் வருஷக்கணக்காக ஓடுகிறது. கிளப்பினாலே தடதடவென்று சத்தம். இப்படியே ஓட்டினால் நடுரோட்டில் எஞ்சின் போய்விடும் என்று தெருமுனை மெக்கானிக் எப்போதோ சொல்லிவிட்டான்.

"அவன் கெடக்கான் டுபாக்கூர். ஆயில் மாத்த எவனாவது கடைக்குப் போவானா? நானே மாத்துறேன். ஆனா டூல்ஸ் சரியா இருக்கணும்" என்றார் இவர்.

அந்த டூல்ஸ் தேடுவதிலேயே மாசங்கள் ஓடிவிட்டன. மனுஷருக்கு எதைக் கண்டாலும் இளக்காரம். இந்த ஜாக்கி நோஞ்சான், அந்த ஸ்பானர் வெறும் தகரம், விற்கிறவன் மண்டையில் களிமண். மச்சினன் தன்னுடைய பழைய ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவே போதும் மாமா, அரை மணி நேர வேலை" என்றான். அந்தப் பெட்டியைக் காலாலேயே மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்.

"பழைய இரும்புக்கடைச் சாமானை நான் கையால தொடுறதா? உங்க வீட்டு ஆளுங்க கிட்ட எதுதான் தரமா இருக்கு!"

நேற்று, சத்தம் போடுகிற காரை நம்பாமல் பஸ்ஸிலேயே போய், பொழுதெல்லாம் கடைகடையாக ஏறி இறங்கினார். இருட்டுகிற நேரத்துக்குப் பை பையாகக் கொண்டுவந்து இறக்கினார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பாயை விரித்து எல்லாவற்றையும் பளபளவென்று பரப்பினார். ஜாக்கி, தாங்கி நிற்க ஸ்டாண்டு, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பானர், ஃபில்டரைக் கழற்ற ஒரு பிடி, மூன்று சைஸில் புனல், ஆயில் பிடிக்கப் புத்தம்புதுத் தட்டு. அந்தத் தட்டில் முகம் பார்க்கலாம். அவர் பார்த்தார், மீசையையும் தடவிக்கொண்டார்.

"என்னங்க, போல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"நீ பேசாதே. ஸ்பானருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

"இல்லங்க, அந்த ஆயில்..."

"வாயை மூடுன்னேன்!"

அவள் வாசப்படியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அவர் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்தார். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார், போல்ட் மறுபேச்சில்லாமல் கழன்றது.

"பாத்தியா? எந்தக் காலத்துலயோ முடுக்கின போல்ட்டு, எப்படிக் கழலுது பாரு. டூல்ஸுன்னா இது!"

ஆயில் இறங்கியது. தட்டு நிறைய, தேன் நிறத்தில், அடி தெரிகிற மாதிரி.

அவருக்கே கொஞ்சம் திகைப்புதான். ஆனால் அந்த மண்டைக்குள் திகைப்பெல்லாம் எவ்வளவு நேரம் தங்கும்?

"நான் வண்டி ஓட்டுற லட்சணம் அப்படி! இத்தனை வருஷம் ஓடியும் கறுக்கவே இல்ல. இதைப் போய் மாத்து மாத்துன்னு உசுரை வாங்கினியே, அறிவிருக்கா உனக்கு? அந்த மெக்கானிக் பயலை இழுத்துட்டு வந்து காட்டணும்."

போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு வெளியே வந்தார். எஞ்சினில் புனலைப் பொருத்திவிட்டு, பார்க்காமலே கையை நீட்டினார்.

"புது ஆயிலை எடு."

"எங்க இருக்கு?"

"அங்கதான், நேத்து நான் வாங்கிட்டு..." என்றவர் அப்படியே நின்றார்.

பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். உள்ளே ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். மச்சினன் பெட்டிதான் திறந்து கிடந்தது. அத்தனை கடை ஏறி இறங்கிய மகாராஜா, ஆயிலை மட்டும் வாங்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெரு மொத்தமும் பூட்டிக் கிடந்தது. எஞ்சினிலோ ஆயில் இல்லை. முகம் தொங்கிப்போச்சு, ஆனால் வாய் அடங்கவில்லை.

"எல்லாத்தையும் நானே ஞாபகம் வெச்சுக்கணுமா? நீ எதுக்கு இருக்கே? போன் போட்டு நாளைக்கு வரலைன்னு சொல்லு."

"முதல் நாளே வரலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்! நீ போகலைன்னா அந்த ஆபீஸ் இடிஞ்சா விழுந்துடும்?"

அவள் எழுந்தாள். தட்டை இரண்டு கையாலும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நேராகப் புனலுக்குப் போனாள்.

"ஏய், அறிவு கெட்டவளே! பழைய ஆயிலையா திருப்பி ஊத்துறே?"

தட்டைச் சாய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"பழசு என் நகத்துல இருக்குங்க."